இன்டக்‌ஷன் அடுப்புக்கு எந்தப் பாத்திரம்? மலையகச் சமையலறைக்கு ஒரு கணக்கு

2022இல் இலங்கையில் காஸ் தட்டுப்பாடு வந்தபோது சிலிண்டருக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற குடும்பங்கள் பல, அதற்குப் பிறகு ஓர் இன்டக்‌ஷன் அடுப்பையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை தீபாவளிக்கு வரும்போது தூக்கி வந்ததாக இருக்கும். இல்லையென்றால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தவணைக்கு எடுத்ததாக இருக்கும். பெட்டியைப் பிரித்து, சுவிட்சைப் போட்டு, வழக்கமான அலுமினியச் சட்டியை மேலே வைத்தால் அடுப்பு பீப், பீப் என்று கத்திவிட்டுத் தானாகவே நின்றுவிடும். அடுப்பில் கோளாறு ஒன்றுமில்லை. சட்டிதான் அதற்குச் சேராதது.

இனி என்ன செய்வது? இருக்கிற சட்டிகளை வைத்துக்கொண்டு, நடுவில் போட ஓர் இரும்புத் தட்டு வாங்கலாம். புதிய பாத்திரங்கள் வாங்கலாம். அதிலும் எவர்சில்வரா, இரும்பா, அடியில் இரும்பு பதித்த அலுமினியமா என்ற கேள்வி இருக்கிறது. இல்லாவிட்டால் அடுப்பையே மாற்றி, எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பை எடுக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டாக எதையும் வாங்க வேண்டாம். அடி கனமான மூன்று பாத்திரங்கள் போதும்: ஒரு குக்கர், ஒரு ரொட்டிக்கல், ஒரு நடுத்தரக் கறிச்சட்டி. மிச்சச் சமையலை ரைஸ் குக்கரும் விறகடுப்பும் பார்த்துக்கொள்ளட்டும்.

அலுமினியம் ஏன் சேரவில்லை என்பது தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். கண்ணாடித் தட்டுக்குக் கீழே செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. வினாடிக்கு 50 சுற்றாக வீட்டுக்கு வரும் கரண்டை அடுப்பு 20,000 சுற்றுக்கும் மேலாக மாற்றி அந்தச் சுருளுக்குள் ஓடவிடுகிறது. அதில் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம்தான் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. காந்தம் ஒட்டுகிற இரும்பில் அது மேற்பரப்பை ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்தில் நெருக்கியடித்து ஓடும். நெருக்கத்தில் தடை கூடும். தடை கூடச் சூடும் கூடும். அலுமினியத்திலும் செம்பிலும் அது தாராளமாக ஓடிவிடுவதால் போதிய சூடு பிறக்காது. மண்சட்டியில் மின்னோட்டத்துக்கே வழியில்லை. ஆகவே மீன் கறி வைக்கும் மண்சட்டி விறகடுப்பிலேயே இருக்கட்டும், அதன் ருசியும் அங்கேதான்.

முதலில் இடைத்தட்டு. பார்க்க மலிவான வழி. காந்தம் ஒட்டுகிற வட்டத் தட்டை அடுப்பில் போட்டு, அதன் மேல் பழைய அலுமினியச் சட்டியை வைக்க வேண்டும். தட்டு சூடாகி, அந்தச் சூடு சட்டிக்கு ஏற வேண்டும். விறகில் வெந்து வெந்து அடி நெளிந்துபோன சட்டி அந்தத் தட்டில் முழுமையாக உட்காராது. அங்கங்கே காற்று இடைவெளி இருக்கும். சூடு சட்டிக்குப் போக முடியாமல் தட்டிலேயே தேங்கும், கண்ணாடிக்கும் இறங்கும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வெப்ப உணரி ஆபத்தென்று கண்டு அடுப்பை நிறுத்திவிடும். தண்ணீர் கொதிக்கும் முன்னரே இரண்டு மூன்று தடவை நின்றுவிட்டால் காலை நேரத்தில் தோட்டத்துப் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகிறவருக்கும் பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்கும் என்ன பயன்? இன்டக்‌ஷனின் பெரிய லாபமே சூடு நேராகப் பாத்திரத்தில் பிறப்பதுதான். தட்டைப் போட்டால் அந்த லாபம் போய்விடும், அடுப்பின் ஆயுளும் குறையும். இடைத்தட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்ஃப்ராரெட் அடுப்பை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதில் கண்ணாடிக்குக் கீழே கம்பி சிவக்கக் காய்கிறது; அடி தட்டையாக இருந்தால் அலுமினியம், எவர்சில்வர், எனாமல் எல்லாவற்றையும் ஏற்கும். வீட்டில் நல்ல கனமான அலுமினியப் பாத்திரங்கள் நிறைய இருந்து, புதிதாக வாங்கக் கையில் காசில்லை என்றால் அது நியாயமான தெரிவு. ஆனால் இரண்டு குறை. சமையலுக்குச் சேரும் வெப்பத்தின் பங்கு இன்டக்‌ஷனைவிடக் குறைவு, ஆகவே அதே குழம்புக்குக் கூடுதல் கரண்ட். மற்றது, பாத்திரத்தை இறக்கிய பிறகும் கண்ணாடி வெகுநேரம் கொதித்தபடி இருக்கும். லயன் காம்பிராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், அடுப்பு பெரும்பாலும் தாழ்ந்த பலகையிலோ சிறிய மேசையிலோதான் இருக்கிறது. தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு அதை நான் சொல்லத் துணியமாட்டேன். இன்டக்‌ஷனிலும் பாத்திரத்தின் சூடு கண்ணாடிக்கு இறங்கும், ஆனால் சீக்கிரம் ஆறிவிடும்.

கரண்ட் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். இன்டக்‌ஷனில் எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் சூடாகப் பாத்திரத்துக்குச் சேரும் என்று வைத்துக்கொண்டால், மலையகக் காலைக் குளிரில் 15 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அலகில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் செலவாகும். 2000 வோற்றில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. நம் மின்கட்டணத்தில் மாதம் 60 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் அலகுகளுக்கும் வேறு விலை போடுவார்கள். அடுப்பு தினமும் ஒரு அலகு எடுத்தால் மாதத்துக்கு 30 அலகு. லைட், டிவி, ரைஸ் குக்கர், அயன் எல்லாம் அதற்கு மேல். இதனால்தான் எல்லாச் சமையலையும் இன்டக்‌ஷனுக்கு மாற்றாமல், அது நன்றாகச் செய்கிற வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள் என்கிறேன். தேத்தண்ணிக்குத் தண்ணீர் சுடவைக்க மின்சாரக் கேத்தல் போதும். அதற்காக இன்டக்‌ஷன் கேத்தல் வேறு தேவையில்லை.

இனி வாங்க வேண்டியவை. குக்கரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலையில் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 பாகையில் அல்ல, கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவில். கொதிக்கிறது, குமிழி விடுகிறது, ஆனால் கடலை வேகமாட்டேன் என்கிறது. கொழும்பில் வெந்துவிடுகிற கௌபி இங்கே பல்லில் கடிபடுவது அதனால்தான். அடுப்பின் வேகத்தைக் கூட்டினாலும் திறந்த சட்டியில் அந்த 94 பாகைக்கு மேல் ஏறாது. தண்ணீர் வற்றும், பில் ஏறும், அவ்வளவுதான். குக்கரில் அழுத்தம் முழுதாக ஏறிவிட்டால் நுவரெலியாவிலும் உள்ளே 115 பாகைக்கு மேல் போகும். கடலை, கௌபி, பயறு, இறைச்சி எதுவானாலும் நேரத்திலும் கரண்டிலும் மிச்சம் பிடிப்பது இந்தப் பாத்திரம்தான்.

குக்கரில் மூன்று வகை கிடைக்கும். வெறும் அலுமினியம் இன்டக்‌ஷனில் வேலை செய்யாது. அலுமினிய உடம்பில் அடியில் மட்டும் இரும்புத் தகடு பதித்தது வேலை செய்யும், விலையும் குறைவு. முழு எவர்சில்வரில் அடியில் கனமான பல அடுக்குத் தட்டு வைத்தது விலை கூட, ஆனால் புளி, தக்காளி சேர்த்த கறிக்கும் பயமில்லாமல் பாவிக்கலாம். இயலுமானவர்கள் மூன்றாவதை எடுக்கட்டும். மூடியில்லாமல் வைத்தால் அதுவே கறிச்சட்டியாகவும் ஆகும். எதை எடுத்தாலும் கடையில் அதைக் கண்ணாடி மேசையில் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால் அடி புடைத்திருக்கிறது, வேண்டாம். வீட்டில் முழு வேகத்தில் வைக்காதீர்கள். 1000, 1200 வோற்றில் தொடங்கி, விசில் வரத் தொடங்கியதும் இன்னும் குறைத்துவிட வேண்டும். முழு வேகத்தில் அழுத்தம் மளமளவென்று ஏறிவிடும், அடியில் கிடக்கும் பருப்பு இளகுவதற்கு முன் பிடித்துக் கருகும்.

அடுத்தது ரொட்டிக்கல். இன்டக்‌ஷனுக்கும் இரும்புக்கும் உள்ள பொருத்தத்தை இதில்தான் முழுதாகப் பார்க்கலாம். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து கனமாகத் தட்டுகிற ரொட்டி மேலே கருகாமல் உள்ளே வேக வேண்டும். அதற்கு ஏறி இறங்காத மிதமான சூடு வேண்டும். மலிவான இன்டக்‌ஷன் அடுப்புகள் பலவற்றில் குறைந்த சூட்டை வைத்தால் அடுப்பு சில வினாடி பலமாகக் காயும், சில வினாடி நிற்கும், மறுபடி காயும். மெல்லிய தகடு இந்த ஆட்டத்தை அப்படியே ரொட்டிக்குக் கொடுத்துவிடும். நான்கைந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள வார்ப்பிரும்புக் கல் சூட்டை உள்வாங்கி வைத்துச் சீராக விடும். ரொட்டியைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: வட்டம் முழுக்கப் பொன்னிறப் புள்ளிகள், நடுவில் ஒரு கரும்பொட்டு இல்லை.

கல்லுக்கும் குறைகள் உண்டு. வார்ப்பிரும்பு சூட்டை விளிம்புக்குக் கொண்டுபோவதில் மெதுவானது. அடுப்புக்குள் இருக்கும் சுருளோ கல்லைவிடச் சிறியது. நடு கொதிக்கும்போது ஓரம் ஆறியிருக்கும். ஆகவே 30 சென்ரிமீற்றர் பெரிய கல்லுக்கு ஆசைப்படாமல் 24, 26 அளவில் எடுப்பது நல்லது. ரொட்டி போடுவதற்கு முன் 600, 800 வோற்றில் ஐந்து நிமிடமாவது காயவிடுங்கள். எடுத்தவுடன் 2000இல் வைத்தால் தகட்டுக் கல் நடுவில் எம்பிவிடும், வார்ப்புக் கல் விரிசல் விடவும் கூடும். கல்லின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். சிலவற்றில் வட்டமாக ஒரு வரம்பு எழும்பியிருக்கும். அது கல்லைக் கண்ணாடியிலிருந்து தூக்கிப் பிடித்து, சூடாகும் வேகத்தைக் குறைத்துவிடும். சொரசொரப்பான அடி கண்ணாடியைக் கீறும். கல்லை இழுக்காமல் தூக்கித்தான் வைக்க வேண்டும். மூடுபனி இறங்குகிற மாதங்களில் கழுவிய கல்லை ஈரத்தோடு சாத்திவைத்தால் மறுநாள் காலையிலேயே துரு பிடித்திருக்கும். துடைத்து, லேசாகச் சூடுகாட்டி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தால் பேரப்பிள்ளை காலம் வரை வரும்.

மூன்றாவது, அன்றாடக் கறிச்சட்டி. பருப்பு, போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு என்று தினமும் கைபடுகிற பாத்திரம். இங்கேதான் எவர்சில்வர் வருகிறது, இங்கேதான் ஏமாற்றமும் அதிகம். எல்லா எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் கலந்த 304 ரகம் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருக்கும், ஆனால் இன்டக்‌ஷன் அதை ஏற்காது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் காந்தம் ஒட்டும். நல்ல பாத்திரத்தில் உள்பக்கம் 304, வெளிப்பக்கம் 430, இரண்டுக்கும் நடுவில் சூட்டைப் பரப்புவதற்கு அலுமினியம் என்று சேர்த்திருப்பார்கள். நடுவில் அலுமினியம் இல்லாத மெல்லிய ஒற்றைத் தகட்டுச் சட்டியிலும் காந்தம் ஒட்டலாம், அடுப்பும் வேலை செய்யும். ஆனால் சுருள் இருக்கும் வட்டத்துக்கு நேர் மேலே மட்டும் சூடு குவியும். மைசூர்ப் பருப்பு வெந்து தேங்காய்ப் பால் விடுகிற நேரத்தில் அகப்பையால் அடியைச் சுரண்டினால் வளையமாகப் பிடித்திருப்பது கைக்குத் தெரியும். கழுவிய பிறகும் அந்தப் பழுப்பு வளையம் போகாது.

சட்டி கனமாக இருப்பதில் குளிர்ப் பிரதேசத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. மலையில் இறக்கிவைத்த கறி சீக்கிரம் ஆறிவிடும். விறகடுப்பு என்றால் தணல் ஓரத்தில் தள்ளி வைக்கலாம். இன்டக்‌ஷனில் தணல் கிடையாது. மலைக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவருக்குக் கறி கொஞ்சமாவது சூடாக இருக்க வேண்டுமென்றால் கனமான அடியும் இறுக்கமான மூடியும்தான் உதவும். 18 முதல் 20 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒன்று நால்வர் குடும்பத்துக்குப் போதும். சில கனச் சட்டிகள் முழு வேகத்தில் மெல்லியதாக ரீங்காரம் போடும். பயப்பட வேண்டாம், அடுக்குகள் அதிர்கிற சத்தம் அது.

நான்ஸ்டிக் தாச்சியைப் பற்றிச் சுருக்கமாக: முட்டை பொரிக்க, தோசை சுட நல்லது. ஆனால் வெறும் தாச்சியை முழு வேகத்தில் வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே பூச்சு தாங்கும் 260 பாகையைத் தாண்டிவிடும். பூச்சு சிதைந்து புகை வரும். எண்ணெய் விட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள். எனாமல் பாத்திரத்தின் உள்ளே இரும்பு இருப்பதால் அது வேலை செய்யும், பால் காய்ச்சலாம். பூச்சு பெயர்ந்ததை வைக்க வேண்டாம், காலியாக ஒருபோதும் வைக்க வேண்டாம். உருண்டை அடி உள்ள தாச்சி இரும்பானாலும் பயனில்லை. 12 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தாளிப்புக் கரண்டியைப் பெரும்பாலான அடுப்புகள் கண்டுகொள்வதே இல்லை.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தமும் ஓர் அடிமட்டமும் கொண்டுபோங்கள். பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் போதும். “முதலாளி, அடியைப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து, காந்தத்தை நடுவிலும் வைத்துப் பாருங்கள், ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் பிடித்து ஓரத்தில் விழுந்தால், பதித்த தகடு சிறியது; பாத்திரம் பெரிதாக இருந்தாலும் அந்தச் சிறு வட்டம்தான் வேலை செய்யும். அடிமட்டத்தின் விளிம்பை அடியில் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நடு கொஞ்சம் உள்வாங்கியிருந்தால் பரவாயில்லை, சூடாகும்போது சரியாகிவிடும். வெளியே புடைத்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சம்பளம் போட்ட கையோடு தோட்டத்துக்கு வருகிற பாத்திர வியாபாரியிடம் தவணைக்கு வாங்குகிறவர்கள்தான் இதை மிகவும் கவனிக்க வேண்டும். கம்பிச்சுருள் படம் அடியில் அச்சடித்திருந்தாலும் காந்தத்தை வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பாத்திரத்தோடு சேர்த்து பிளக்கையும் பார்த்துவிட வேண்டும். 2000 வோற் அடுப்பு 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். சதுரக் கால் 13 அம்பியர் பிளக்கில், தனி வயரில் கொடுத்தால் தாங்கும். உருண்டைக் கால் 5 அம்பியர் பிளக்கிலும், டிவியும் சார்ஜரும் தொங்குகிற மல்டி பிளக்கிலும் கொடுத்தால் வயர் காய்ந்து உருகும். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டரிலிருந்து வயர் இழுத்திருக்கும் லயங்களில் அடுப்பு வாங்குவதற்கு முன் வயரிங் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்க்கவேண்டியது கட்டாயம். நீளக் கூரை ஒன்றின் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கிற இடத்தில் ஒரு வீட்டில் பிடிக்கிற தீ அந்த ஒரு வீட்டோடு நிற்பதில்லை. வயரிங் சரியில்லை என்றால் பாத்திரக் காசை முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

விறகடுப்பில் வைத்த பாத்திரத்தை இன்டக்‌ஷனிலும், இன்டக்‌ஷன் பாத்திரத்தை விறகிலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டாம். கரி கண்ணாடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்; நெருப்பில் அடி நெளிந்த பாத்திரம் பிறகு கண்ணாடியில் சமமாக உட்காராது. சாம்பலும் தும்பும் சட்டி தேய்க்கத்தான். கண்ணாடிக்கு ஈரத் துணி போதும்.

ஒரே ஒரு பாத்திரத்துக்குத்தான் இந்த மாதம் வசதி என்றால் எவர்சில்வர் குக்கரை எடுங்கள். கறியும் அதிலேயே வைக்கலாம். அடுத்த மாதம் ரொட்டிக்கல். கறிச்சட்டி கடைசியில் வரட்டும். விறகடுப்புக்கு இடமில்லாமல் டவுனில் வாடகை அறையில் இருக்கிறவர்களுக்கு இந்த மூன்றோடு தட்டை அடியுள்ள ஒரு தாச்சியும் தேவைப்படும். தோட்டத்தில் இருப்பவர்கள் பழைய அலுமினியச் சட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஜூன், ஜூலை காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாளிலும், திருவிழாவுக்கு உறவுக்காரர் வந்து வீடு நிறையும் நாளிலும் விறகடுப்பும் அந்தப் பெரிய சட்டிகளும்தான் சோறு போடும்.